தாத்தா வருவா

யோகமலருக்கு நாற்பத்து மூன்று வயது. அந்த வகுப்பில் அவளுக்கு அடுத்த மூத்தவளுக்கு இருபத்தொன்பது. மற்றதெல்லாம் இருபதும் இருபத்தொன்றும். முதல் நாளே அட்சயா என்ற பிள்ளை வந்து, "அன்ரி, இந்த சீட் ஃப்ரீயா?" என்று கேட்டாள். யோகமலர் பையை எடுத்து இடம் கொடுத்தாள். ஆனால் அந்த 'அன்ரி' அவளுக்குச் செமிக்கவே இல்லை. ஒரே வகுப்பு, ஒரே புத்தகம், ஒரே சோதனை. அதில் ஒருத்தி மட்டும் எப்படி அன்ரியாவது?

"அக்கா எண்டு கூப்பிடனடி," என்று ஒருநாள் கேட்டும் பார்த்தாள்.

"அம்மா பேசுவா அன்ரி. நீங்களும் அம்மாவும் சேம் ஏஜ்."

அதற்கு மேல் என்ன வழக்காடுவது? விட்டுவிட்டாள்.

பதினெட்டு வருடம் மிசிசாகாவில் விமானச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கியவள் யோகமலர். அந்தச் சமையற்கூடத்தை மூடியபோது கூட வேலை செய்தவர்கள் எல்லாம் அழுதார்கள். இவளும் ஒரு நாள் ஒழுங்காக அழுதாள். மறுநாள் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டாள். இரண்டு வருட நேர்ஸிங் டிப்ளோமா. முடித்து லைசன்ஸ் சோதனையும் எடுத்துவிட்டால் ஆர்.பி.என். என்ற பதிவு பெற்ற நேர்ஸ். கணவர் றெமிஜியஸ், "இந்த வயசில படிப்பு ஏறுமோ?" என்று ஒரே ஒரு தடவைதான் கேட்டார். இரண்டாம் தடவை கேட்கும் துணிவு அவருக்கு வரவில்லை.

படிப்பு ஏறியது மட்டுமல்ல, இனித்தது. இதயத்தின் நான்கு அறைகளையும் அவள் தன் வீட்டு அறைகளைப் போல அறிந்திருந்தாள். பஸ்ஸில் போகும்போது ஊதா நிற ஸ்டெதஸ்கோப்பைப் பைக்குள் முழுதாக வைக்கமாட்டாள். கொஞ்சம் வெளியே எட்டிப் பார்க்கும்படி விடுவாள். யாராவது கேட்டால் சொல்லலாமே. இரண்டு வருடத்தில் ஒருவரும் கேட்கவில்லை, அதற்காக அவள் உள்ளே தள்ளவும் இல்லை.

சிக்கல் கடைசிப் பருவத்தில்தான் வந்தது. ஆஸ்பத்திரிப் பயிற்சி. எட்டு மாணவிகளுக்கு ஒரு ஆசிரியை, மிஸ் கேம்பல். ஜமேக்காவில் பிறந்து ஸ்காபரோவில் வளர்ந்தவர், முப்பது வருட நேர்ஸ். சத்தம் போடமாட்டார். கண்ணாடிக்கு மேலால் பார்ப்பார், அவ்வளவுதான். அதுவே போதும்.

மாசியில் நவரட்ணம் என்ற முதியவருக்கு வயிற்றில் சத்திரசிகிச்சை. நோவுக்குப் பத்துக்கு எத்தனை என்று யோகமலர் கேட்டாள். மனுசன் கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நெற்றியெல்லாம் வேர்க்க, "ரெண்டு எண்டு போடுங்கோ பிள்ளை, பரவாயில்லை," என்றார். எங்கள் கிழவர்களின் 'பரவாயில்லை' அவளுக்குத் தெரியாததா? ஏழு என்று எழுதிவிட்டாள். மிஸ் கேம்பல் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"அவர் சொன்னது இரண்டு. நீ கண்டது கம்பியும் வியர்வையும். சொன்னதை அவர் சொன்னபடி எழுது. கண்டதைக் கண்டபடி எழுது. ஏழு என்பது யார் சொன்னது?"

அதற்கு எழுத்தில் ஒரு எச்சரிக்கை வந்தது. நோயாளி சொல்லாததைப் பதிந்தாள் என்று. இன்னொரு எச்சரிக்கை விழுந்தால் பருவம் முழுவதையும் திரும்பப் படிக்க வேண்டும். ஆனியில் பட்டம் இல்லை. றெமிஜியஸ் இப்போதே வாங்கி வைத்திருக்கும் கோட்டும் சூட்டும் அலுமாரியிலேயே தொங்கும். அன்றிலிருந்து யோகமலர் நோயாளி இருமினால்கூட, இருமியபடியே எழுதினாள்.

பயிற்சியின் கடைசிக் கிழமை. வெள்ளிக்கிழமை இறுதி மதிப்பீடு. இனிச் சொல்லப்போவது செவ்வாய்க்கிழமை நடந்தது.

அன்று அவளுக்குக் கொடுத்த நோயாளி முஹ்ஸினா. எழுபத்தாறு வயது, இலங்கை முஸ்லிம் பெண்மணி. விழுந்து தொடையெலும்பு முறிந்து, சத்திரசிகிச்சை முடிந்து ஐந்தாம் நாள். பதினொரு மணிக்கு வீட்டுக்கு விடுவதாக ஏற்பாடு. தலையில் வெள்ளை முக்காடு, கையில் தஸ்பீஹ் மணிமாலை, முகத்தில் வீட்டுக்குப் போகும் சந்தோசம். ஆங்கிலம் கொஞ்சம்தான். யோகமலர் தமிழில் வாய் திறந்ததும் அந்த முகம் இன்னும் மலர்ந்தது.

காலைக் கேள்விகளை யோகமலர் வரிசையாகக் கேட்டாள்.

"உங்கட பேர் என்னம்மா?"

"முஹ்ஸினா."

"இப்ப எங்க இருக்கிறியள்?"

"ஆஸ்பத்திரில. வேற எங்க, கலியாண வீட்டுலயா?"

"இண்டைக்கு என்ன கிழமை?"

"செவ்வாய்."

எல்லாம் சரி. ஆனால் காலைச் சாப்பாட்டுத் தட்டு தொட்டபாடில்லை.

"ஏன் சாப்பிடேல்லை?"

"தாத்தா வருவா மகள். வந்தாப் பொறகு சாப்பிடுறேன்."

யோகமலரின் பேனை நின்றது.

"ஆர் வருவினம்?"

"தாத்தா. என்ட தாத்தா. ரெக்ஸ்டேல்ல ஈக்கிறா. அவவே காரோட்டிட்டு வருவா."

யோகமலர் மனக்கணக்குப் போட்டாள். எவ்வளவு இறுக்கிப் பிடித்துப் போட்டாலும் அந்தத் தாத்தாவுக்கு நூற்றிருபது வயதுக்குக் குறையவில்லை.

"தாத்தாவோட கடைசியா எப்ப கதைச்சனீங்கள்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"நேத்து அஸர் தொழுகைக்குப் பொறகு. போன்ல நல்லா ஏசினா. நான் மருந்து ஒழுங்காக் குடிக்கிறல்லயாம்."

இதுதான் அது என்று யோகமலருக்குப் பட்டது. டிலிரியம். முதியவர்களுக்குச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு வரும் திடீர் மனக்குழப்பம். பேர் சொல்வார்கள், இடம் சொல்வார்கள், நடுவில் செத்துப்போனவர்களோடு போனில் பேசுவார்கள். வந்தும் போயும் இருக்கும், அதனால் பல நேரம் தவறவிடப்படும். மூன்றாம் பருவம், ஏழாம் பாடம். போதாததற்கு 'வருவா', 'ஈக்கிறா', 'ஏசினா'. ஆம்பிளைத் தாத்தாவைப் பெண்ணாக்கியல்லவா இந்த அம்மா பேசுகிறார். குழப்பம் இலக்கணம் வரைக்கும் போய்விட்டது என்று யோகமலர் முடிவு கட்டினாள்.

சுவரில் மொழிபெயர்ப்பாளருக்கான போன் தொங்கியது. மாணவிகள் தாங்களாக மொழிபெயர்க்கக் கூடாது, அந்தப் போனை எடுக்க வேண்டும் என்பது விதி. யோகமலர் அதை ஒரு தடவை பார்த்தாள். தமிழுக்கும் தமிழுக்கும் நடுவில் மொழிபெயர்ப்பாளரா? பார்த்ததோடு சரி.

கணினியில் மேற்கோள் குறி போட்டு, சொன்னதைச் சொன்னபடியே எழுதினாள்: 'என் தாத்தா ரெக்ஸ்டேலில் இருந்து கார் ஓட்டிக்கொண்டு வருவார். நேற்று என்னோடு போனில் பேசினார்.' ஆங்கிலத்தில் தாத்தா 'கிராண்ட்ஃபாதர்' ஆனார். மிஸ் கேம்பல் வாசித்தார். கண்ணாடிக்கு மேலால் அல்ல, கண்ணாடிக்குள்ளாலேயே பார்த்தார்.

"அருமையாகப் பிடித்திருக்கிறாய், யோகா. வருடக்கணக்காக வேலை செய்கிறவர்களே இதைத் தவறவிடுவார்கள்."

யோகமலருக்குக் கால் நிலத்தில் படவில்லை. மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போன அட்சயா, "அன்ரி, யூ ஆர் ஆன் ஃபயர்," என்று காதுக்குள் சொல்லிவிட்டுப் போனாள். வெள்ளிக்கிழமை இனிப் பயமில்லை.

பிறகு ஒவ்வொன்றாக நடந்தது. டாக்டர் அவசரமாக வந்து குறிப்பை வாசித்தார். இன்று வீட்டுக்கு விடுவதில்லை என்றார். இரத்தம் எடுத்தார்கள், சிறுநீர் அனுப்பினார்கள். மகன் மர்சூக்குக்குப் போன் போட்டார்கள். அவர் மிசிசாகாவில் ஏதோ கூரை மேல் நின்று வேலை செய்கிறவர், எடுக்கவில்லை. முஹ்ஸினாவின் கட்டிலில் எழும்பினால் அலறும் மணி ஒன்றைப் பூட்டினார்கள். அவர் கீழே விழுந்த தஸ்பீஹை எடுக்கக் குனிந்தார், மணி அலறியது. நிமிர்ந்தார், அதற்கும் அலறியது.

"என்னத்துக்கு மகள் இதெல்லாம்? ஊட்டுக்கு விடுறதாத்தானே சொன்னாங்க?"

"ஒண்டுமில்லை அம்மா, சும்மா ஒரு செக் பண்ணினம்," என்று சின்னப்பிள்ளைக்குச் சொல்வது போல யோகமலர் சொன்னாள்.

முஹ்ஸினா அவளை நேராகப் பார்த்தார். "நான் ஒண்ணும் தட்டுக்கெட்டுப் போகல்ல மகள். நீங்க எல்லாரும் ஏன் என்ன இப்பிடிப் பாக்கிறீங்க?"

அந்தக் கேள்வி யோகமலருக்குச் சுருக்கென்றது. ஆனால் டிலிரியம் உள்ளவர்களும் இப்படித்தான் கேட்பார்கள் என்று ஏழாம் பாடத்தில் இருந்தது. தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள்.

பதினொன்று அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது லிஃப்ட் திறந்தது. சிவப்புக் கோட்டு, கறுப்பு ஹிஜாப், விளையாட்டுச் சப்பாத்து, பின்னால் சில்லு வைத்த பை. எண்பது வயதுக்கு மேற்பட்ட ஒரு பெண்மணி விறுவிறு என்று நடந்து வந்தார். கையில் கார்ச் சாவி ஆடியது. யாரையும் கேட்காமல் நேரே பன்னிரண்டாம் அறைக்குள் போனார். முஹ்ஸினா எழும்ப முயன்றார், மணி அலறியது.

"ஏன் இந்த மணி? இவ என்ன பேங்க் லொக்கரா?" என்று வந்தவர் கேட்டார்.

அந்த அலறலுக்கு மேலால் முஹ்ஸினாவின் குரல் கேட்டது. "தாத்தா, இவ்வளவு நேரமா? பசி உயிர் போகுது."

யோகமலர் வாசலில் நின்றபடி நின்றாள்.

"நீங்கள்… நீங்கள் ஆர் அம்மா?"

"நான் இவட தாத்தா. என்னைத்தான் வரச் சொல்லி ஈந்துச்சு, கூட்டிட்டுப் போக."

"தாத்தா எண்டா…"

"தாத்தா எண்டா தாத்தாதான் புள்ள. உம்மாக்கு நான் மூத்தவ, இவ எளையவ."

அப்படியானால் தாத்தா என்றால் அக்கா. யோகமலருக்குத் தலை ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. கேட்டவுடன் எல்லாம் நேராகிவிட்டது. வருவா, ஈக்கிறா, ஏசினா. இலக்கணத்தில் ஒரு பிழையும் இல்லை. பிழை முழுவதும் கேட்ட காதில்.

"அப்ப, அம்மப்பா, அப்பப்பாவை நீங்கள் என்னெண்டு கூப்பிடுவியள்?" என்று கேட்டாள்.

"அப்பாண்டு."

"அப்பாவை?"

"வாப்பாண்டு."

முஹ்ஸினாவுக்கு மெல்ல விசயம் விளங்கத் தொடங்கியது. அக்காவைப் பார்த்தார், மணியைப் பார்த்தார், யோகமலரைப் பார்த்தார். "அப்ப நீங்க தாத்தாண்டு நெனச்சது…?" என்று தொடங்கியவர் முடிக்கவில்லை. தொடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிக்கச் சிரிக்க மணி அலறியது.

"எங்கட வாப்பாட வாப்பா இப்ப காரோட்டிட்டு வந்தா," என்றார் மூத்தவர், "நானும் டாக்டருக்குத்தான் சொல்லுவேன் புள்ள."

யோகமலரும் சிரித்தாள். ஆனால் வெளியே வந்து துணி அறைக்குள் போனதும் சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு சொல்லால் ஒரு மனுசியைக் கட்டிலோடு கட்டிப் போட்டுவிட்டாள். அதுவும் தன் மொழிச் சொல்லால். அவளுக்கு எட்டு வயதாக இருக்கும்போது யாழ்ப்பாணத்தில் இருந்த முஸ்லிம் குடும்பங்கள் எல்லாவற்றையும் வெளியேறச் சொன்னார்கள். வகுப்பில் அவளுக்குப் பக்கத்தில் ஒரு முஸ்லிம் பிள்ளை இருந்த வாங்கு வெறுமையானது. அந்தப் பிள்ளை இருந்திருந்தால், 'எங்கட தாத்தா வந்திட்டா' என்று ஒருநாளாவது சொல்லியிருக்கும். யோகமலரும் கேட்டுப் பழகியிருப்பாள்.

அட்சயா போர்வை எடுக்க வந்தாள். கதை கேட்டு முதலில் சிரித்து, பிறகு யோகமலரின் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

"வெயிட் அன்ரி. டிலிரியம் வந்து போறதுதானே? இப்ப கிளியரா இருக்கிறா எண்டு எழுதிவிடுங்கோ. டன். ஒருத்தருக்கும் தெரியாது."

உண்மைதான். ஒருவருக்கும் தெரிய வராது. காலையில் குழம்பியிருந்தார், மதியம் தெளிந்துவிட்டார்; பாடப்புத்தகம் சொன்னபடியே நடந்தது என்று எல்லோரும் தலையாட்டுவார்கள். பாராட்டும் மிச்சம், பட்டமும் மிச்சம், றெமிஜியஸின் கோட்டும் சூட்டும் வெளியே வரும். யோகமலர் ஒரு தலையணை உறையை மடித்தாள், விரித்தாள், திரும்ப மடித்தாள்.

"அப்பிடி எழுதினா, காலமை அவவுக்குக் குழப்பம் எண்டது ஃபைலில இருக்கும் பிள்ளை. அடுத்த முறை அந்த மனுசி உண்மையில ஒரு நோவைச் சொன்னாலும், முதல்ல ஃபைலைத்தான் பாப்பினம். அவ சொன்னதில ஒரு பிழையும் இல்லை. பிழை நான் விட்டது."

"பட் நீங்கள் ஃபெயிலாயிடுவீங்கள்."

"ஓம். தெரியும்."

மிஸ் கேம்பல் மருந்து அறைக்கு வெளியே நின்றார். யோகமலர் ஒரு மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினாள். தனது தமிழில் தாத்தா என்றால் யார், அவர்களுடைய தமிழில் யார், சுவரில் இருந்த போனை ஏன் எடுக்கவில்லை, எல்லாம். மிஸ் கேம்பல் கண்ணாடிக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்கள் இரண்டு பேரும் பேசுவது ஒரே மொழிதானே?"

"ஓம்," என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, "யெஸ்," என்றாள்.

"அப்படியானால் விதியை மறந்தது அதனால்தான். தெரியாத மொழி என்றால் போனை எடுத்திருப்பாய்."

யோகமலர் தலை குனிந்தாள். எச்சரிக்கைக் கடிதம் எந்த நிறக் காகிதத்தில் வரும் என்பதுகூட அவளுக்குத் தெரியும். வெளிர் மஞ்சள்.

மிஸ் கேம்பல் கண்ணாடியைக் கழற்றினார். "என் அம்மா இந்த நாட்டுக்கு வந்த புதிதில், பாதம் நோகிறது என்று ஒரு டாக்டரிடம் சொன்னார். ஆங்கிலத்தில்தான் சொன்னார். பாதத்தை மூன்று தடவை எக்ஸ்ரே எடுத்தார்கள். ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போ என்றார்கள். எங்கள் ஜமேக்காப் பேச்சில் பாதம் என்றால் இடுப்பிலிருந்து விரல் வரைக்கும். அம்மாவுக்கு முறிந்திருந்தது தொடை." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அவர் சிரிக்க யோகமலர் முதல் தடவையாகக் கண்டாள். "அன்று ஒருவராவது, பாதம் என்றால் எது, காட்டு என்று கேட்டிருக்கலாம். இன்று காலையில் நானும் உன்னிடம் கேட்கவில்லை. பாராட்டத்தான் அவசரப்பட்டேன்."

பிறகு கண்ணாடி திரும்ப ஏறியது. "சரி. இப்போது போய்த் திருத்தக் குறிப்பு எழுது. டாக்டரை நீயே கூப்பிட்டு நீயே சொல். நான் பக்கத்தில் நிற்பேன், வாய் திறக்கமாட்டேன்."

யோகமலர் எழுதினாள்: 'நோயாளி காலையில் சொன்ன தாத்தா என்ற சொல்லுக்கு அவருடைய பேச்சில் மூத்த சகோதரி என்று பொருள். மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடாமல் மாணவி தானாக மொழிபெயர்த்தது தவறு. நோயாளி தெளிவாக இருந்தார். எப்போதும் தெளிவாகவே இருந்தார்.' கடைசிப் பகுதியை விதிப்படி எழுதத் தேவையில்லை. எழுதினாள்.

டாக்டர் கேட்டுவிட்டு நெற்றியில் கை வைத்தார். சுவரில் இருந்த போனை எடுத்து, மொழிபெயர்ப்பாளரை வைத்து முஹ்ஸினாவோடு தானே பேசினார். மணியைக் கழற்றச் சொன்னார். இரண்டு மணிக்குச் சக்கர நாற்காலி வந்தது.

போகும் முன் மூத்தவர் சில்லுப் பையைத் திறந்து ஒரு டப்பாவை எடுத்தார். வட்டிலாப்பம், தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்து அவித்த இனிப்பு. தங்கச்சிக்குக் கொண்டுவந்தது, முஹ்ஸினாவோ நேர்ஸ்மார் எல்லோருக்கும் ஒவ்வொரு துண்டு வெட்டச் சொன்னார். மிஸ் கேம்பல் இரண்டு துண்டு சாப்பிட்டார்.

"என்ன மன்னிச்சுக்கொள்ளுங்கோ அம்மா," என்றாள் யோகமலர். "நீங்கள் சரியாத்தான் சொன்னனீங்கள்."

முஹ்ஸினா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார். "நானும் ஒன்னைத் தமிழ்ப் புள்ளண்டு நெனச்சி வெளங்கும்தானேண்டு ஈந்துட்டேன் மகள். இனி வெளங்கும்." வீட்டுக்குப் போய் இதைச் சொல்ல வேண்டுமே என்று அவருக்கு அந்தரம். லிஃப்ட் மூடும்வரை அக்காவும் தங்கையும் சிரித்துக்கொண்டே போனார்கள்.

வெள்ளிக்கிழமை வந்தது. யோகமலர் மதிப்பீடு இருந்த உறையை முதலில் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தாள். பிறகு பிரித்தாள். தாள் வெள்ளை. மஞ்சள் எங்கும் இல்லை. மொழிபெயர்ப்பு விதியை மீறியது ஒரு வரியில் பதிந்திருந்தது. அதற்குக் கீழே மிஸ் கேம்பல் தன் கையால் எழுதியிருந்தார்: 'ஒருவரும் கண்டுபிடிக்கமாட்டாத தன் பிழையைத் தானே கொண்டுவந்து என் கையில் தந்தாள். என் அம்மாவை இவளிடம் நம்பி விடுவேன். தேர்ச்சி.'

யோகமலர் கழிவறைக்குள் போய் ஒரு பாட்டம் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அட்சயாவைக் கட்டிப்பிடித்தாள்.

"அன்ரி, நான் ஒண்டு டிசைட் பண்ணீட்டன்," என்றாள் அட்சயா. "அக்கா எண்டு கூப்பிட்டா அம்மா பேசுவா. தாத்தா எண்டு கூப்பிட்டா அம்மாக்கு விளங்காது."

அன்றிலிருந்து யோகமலர் அன்ரி இல்லை.

ஆனியில் கல்லூரி மண்டபத்தில் பின் குத்தும் விழா. ஒவ்வொருவராக மேடையேறி, நெஞ்சில் சின்ன நேர்ஸ் பின் குத்திக்கொண்டு இறங்க வேண்டும். கைதட்டுவதை முடிவு வரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அறிவித்தார்கள். எங்கள் சனம் எதைப் பொறுத்தது? முதல் பெயருக்கே விசில் பறந்தது. றெமிஜியஸ் கோட்டும் சூட்டும் போட்டுக்கொண்டு, போனை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தபடி நடைபாதை ஓரத்தில் நின்றார். போனைப் பார்க்காமல் மேடையையே பார்த்ததால் படம் முழுவதும் கூரைதான் விழுந்தது.

யோகமலரின் பெயர் வந்தது. மிஸ் கேம்பல் அவளுக்குப் பின்னைக் குத்தினார். குத்திவிட்டு, ஒரு மாதமாகப் பழகி வைத்திருந்த ஒரு தமிழ்ச் சொல்லைக் காதுக்குள் சொன்னார். "ஓம்."

அப்போதுதான் வரிசையில் நின்ற அட்சயா இரண்டு கையையும் வாயில் குவித்து, மண்டபம் அதிரக் கூப்பிட்டாள்.

"தாத்தா, இஞ்ச பாருங்கோ."

மண்டபத்தில் இருந்த தமிழ்த் தலைகள் அத்தனையும் கதவுப் பக்கம் திரும்பின. பாவம், எந்த வயசு போன மனுசனோ பிந்தி வந்து இடம் தேடுகிறார் என்று இரண்டு பேர் கதிரையை விட்டு எழும்பியும் விட்டார்கள். றெமிஜியஸ் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழி விட்டார். மூன்றாம் வரிசையில், வேறொரு பிள்ளைக்காக வந்திருந்த ஒரு முஸ்லிம் குடும்பம் மட்டும் நேரே மேடையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு கைதட்டியது.

மேடையில் நின்ற யோகமலர் கையை உயர்த்தினாள்.

"ஓம், வாறன்," என்றாள்.